அம்மா கேட்ட மிதவை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்குக் கைநாட்டு வைப்பதே பெரிய வேலை. விரலில் மை பட்டுவிட்டால் அன்று முழுக்கப் புடவையில் தேய்த்துக்கொண்டே இருப்பாள். நான் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமும் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. ரேஷன் அட்டை, மணியார்டர் சீட்டு, கார்த்திகைத் தீபத்துக்கு வரும் கூட்டத்துக்காக முனிசிபாலிடி கொடுக்கிற நோட்டீஸ், மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் துண்டுச் சீட்டு. நான் படிப்பேன், அப்பா தலையை ஆட்டுவார். அதற்குமேல் எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. இந்த அதிகாரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் படகு விஷயத்தை மட்டும் சொன்னால், ஏதோ அறியாப் பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்று தோன்றும். தெரிந்துதான் செய்தேன்.

சாத்தனூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் அப்பா அங்கே கொத்தனாராகப் போய் மேஸ்திரி ஆனார். அம்மா அங்கேயே சித்தாள். தம்பிகள் இரண்டு பேரையும் கூட வைத்துக்கொண்டு கேம்பில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். நான் திருவண்ணாமலையில் சித்தப்பா வீட்டில் தங்கி பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவுக்குக் கேம்புக்குப் போனால், சேர்த்துவைத்த காகிதங்களை அப்பா எடுத்து நீட்டுவார். மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, தண்டராம்பட்டு வழியாக வருகிற பஸ்ஸில் அம்மா வந்து இறங்குவாள். தலைமுடியில் சிமெண்டு இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் வகிட்டில் சாம்பல் நிறமாக ஒரு கோடு நிற்கும்.

வேலை தொடங்கின வருஷமே ஆற்றை மறித்துத் தண்ணீர் தேங்கியதால், ஆட்களையும் சாமானையும் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோக கான்டிராக்டர் ஒரு மிதவை செய்து போட்டிருந்தார். காலியான தார்ப் பீப்பாய்களைப் படுக்கவைத்து, இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பிணைத்து, மேலே கனத்த பலகைகளை அடித்தது. நாலு மூலையிலும் நாலு ஆட்கள் நின்று துடுப்புப் போடுவார்கள், ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றுவார்கள். சித்தாள்கள் தலையில் இரும்புச் சட்டியோடு அதில் நெருக்கி நின்றுகொண்டு போவார்கள். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் இடம் அடைத்துக்கொள்ளும், நின்றால் நாற்பது பேர் போகலாம் என்று கணக்கு. அம்மா நாலு வருஷம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல், அதில் நின்றுகொண்டே போய் வந்தாள்.

அதிகாரிகள் வேலையைச் சுற்றிப் பார்க்க வேறொரு படகு இருந்தது. இரண்டு நீளமான இரும்புப் பெட்டிகள்மேல் தளம் போட்டு, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கித்தான் கூரை கட்டி, பிரம்பு நாற்காலிகள் போட்டது. கூலிக்காரர்கள் அதைத் தொரை படகு என்பார்கள். நாட்டில் தொரைகள் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பேர் மட்டும் போகவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அணை வேலையைப் பார்க்க எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். மடித்த தாவணியும் ரிப்பன் கட்டின இரட்டைச் சடையுமாக நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். விஞ்ஞானம் எடுக்கிற டீச்சர் மதகு, கலிங்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்போது தார் மிதவை எங்கள் பக்கமாக வந்தது. "பார்த்தீங்களா, இவங்கெல்லாம் கூலிப் பொம்பளைங்க. இத்தனை பேர் ஏறியும் முங்கலை பாருங்க, அதுதான் மிதக்கும் விதி" என்றார் டீச்சர். பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மிதவையின் இந்த ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்குவாள், பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று பயந்தேன். அவள் ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையை இழுத்து முகத்தில் விட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றாள். கரை தட்டி இறங்கிப் போகிற வரைக்கும் திரும்பவில்லை.

எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் மற்றவர்களோடு சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வேலை முடிந்து கேம்பைக் காலி செய்தார்கள். அப்பா நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. சாரம் சரிந்து அடிபட்ட மறுநாளே கட்டுப் போட்ட காலோடு வந்து நின்றவர். கான்டிராக்டருக்கு அவரிடம் ஒரு பிரியம். "மேஸ்திரி, ரெண்டு படகையும் லாரியில ஏத்திட்டுப் போறது எனக்கும் தொல்லை. ஒண்ணை நீங்க வெச்சுக்கங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழமைல குடும்பத்தைக் கூட்டியாந்து சுத்திக் காட்டுங்க. நீங்க கட்டின அணைதானே" என்று சொல்லியிருக்கிறார். கரையில் கட்டி வைத்துக்கொள்ள அணைக் காவல்காரரும் சம்மதித்துவிட்டார். கான்டிராக்டரின் குமாஸ்தா இரண்டு படகுக்கும் உண்டான சோதனைச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்து, "இங்கிலீஷ்ல இருக்குது, படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாராம். அப்பா, "வேணாங்க. வூட்ல படிக்க ஆள் இருக்குது" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பதிலைச் சொல்லும்போது குமாஸ்தாவின் முகம் எப்படிப் போனது என்று அப்பா எங்களுக்கு நடித்தே காட்டினார்.

அன்று சனிக்கிழமை. அப்பா, அம்மா, தம்பிகள் எல்லாரும் மூட்டை முடிச்சோடு திருவண்ணாமலைக்கே வந்துவிட்டிருந்தார்கள். சித்தப்பா, சித்தி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், நாங்கள் ஐந்து பேர் என்று வீடு நிறைய ஆட்கள். திங்கட்கிழமை காலையில் எந்தப் படகு என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"தொரை படகுதான்" என்றாள் சித்தி. "நாற்காலி கீது, கூரை கீது. வெயிலு படாது."

"நீ என்னமோ வெயிலே படாம வளந்தவ மாரி பேசற" என்றார் சித்தப்பா. "காலைலதான் சாணி பிசைஞ்சு வெரட்டி தட்டிட்டு வந்த."

"அதனாலதான் ஞாயித்துக்கிழம ஒரு நாளு நெழல்ல உக்கார்றேன்றேன். உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

அம்மா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "தார் மிதவையே எடுத்துக்கலாம்" என்றாள்.

சித்தப்பா சிரித்தார். "அண்ணி, நாலு வருஷம் அதுல போயும் ஆசை அடங்கலியா?"

"நாலு வருஷம் நின்னுக்கினே போனேன். ஒரு நாளு உக்காந்துகினு போவணும்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரியும்படியாக விவரம் சொல்ல ஆரம்பித்தாள். அகலமான பலகை, பதினொரு பேரும் கால் நீட்டி உட்காரலாம். நடுவில் மணலைக் கொட்டி மூணு கல்லை வைத்தால் அடுப்பு. அங்கேயே மீன் வாங்கி அங்கேயே குழம்பு வைக்கலாம். யாரும் கரையில் நிற்க வேண்டாம், எல்லாரும் ஒண்ணா ஏறி எல்லாரும் ஒண்ணா இறங்கலாம். "எவ்ளோ ஏத்தினாலும் ஒரு சாயலு சாயாது. என் காலுக்குத் தெரியும்" என்றாள்.

அம்மா எதையாவது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதற்கு முன்னால் கிடையாது. புடவைக்குக்கூட, "எது கம்மியா கெடைக்குதோ அது" என்பாள். அவள் இவ்வளவு யோசித்து வைத்திருந்தாள் என்பது அப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீ சொல்றதும் சரியாத்தான் கீது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பரீட்சை முடிந்துவிட்டிருந்தது, என்னோடு படித்த பெண்களில் ஓவர்சியர் மகள் ஒருத்தியும் தாலுகா ஆபீஸ்காரர் மகள் ஒருத்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். பூங்கா போட ஆரம்பித்திருந்தார்கள். ஊரே அங்கே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நாங்கள் தார் நாற்றம் அடிக்கிற அந்தக் கறுப்புப் பலகைமேல் அடுப்பு மூட்டிக்கொண்டு மிதந்து போவதை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணும் டீச்சர் சொன்னதை நினைத்துக்கொள்வாள்.

அப்பா இரண்டு சீட்டையும் என்னிடம் கொடுத்தார். "படிம்மா. எது இன்னா லட்சணத்துல கீதுன்னு பாப்போம்."

விளக்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்து படித்தேன். டைப் அடித்த சீட்டு, ஒவ்வொன்றும் அரைப் பக்கம். கஷ்டமான இங்கிலீஷ் இல்லை. தார் மிதவையைப் பற்றிய சீட்டில், எல்லாப் பீப்பாய்களையும் அந்த வருஷம்தான் சோதித்ததாகவும், கசிவு ஏதுமில்லை என்றும், நாற்பது பேர் போகலாம் என்றும் இருந்தது. வெள்ளைப் படகின் சீட்டில், இடதுபக்கப் பெட்டியில் ஒட்டுப் போட்டிருப்பதாகவும், பத்து பேருக்குமேல் ஏற்றக் கூடாது என்றும் இருந்தது. ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டினேன். இந்த வீட்டில் இதைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதுவரைக்கும் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது ஒரு வசதியாகத் தெரிந்தது.

"வெள்ளைப் படகு நல்லா இருக்குதாம். பத்து பேரு போலாமாம்" என்றேன். ஒட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "தார் மிதவைதான் கொஞ்சம் மோசம்ப்பா. பீப்பா துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சாம். இனிமே அதுல ஆளை ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்குது."

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஓட்டையா?"

"ஆமாம்மா."

"போன வாரம்கூட அதுலதானே போனேன். பலகை நனையவே இல்லியே."

"உள்ள கசியுதாம். வெளிய தெரியாது." பள்ளிக்கூடத்தில் படித்த மிதக்கும் விதியையும் சேர்த்துக்கொண்டேன். உள்ளே தண்ணீர் போனால் எடை கூடும், கூடிக்கொண்டே போய் ஒரு நாள் திடீரென்று எல்லாம் சேர்ந்து முங்கும் என்று விளக்கினேன். டீச்சர் எப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்வாரோ அப்படியே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அந்தச் சீட்டைப் பார்த்தாள். "அப்படி எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குதும்மா."

"எழுதியிருந்தா சரி" என்றாள்.

நாலு வருஷம் அவள் கால் சொன்னதை என் வாய்ச்சொல்லுக்காக அந்த நிமிஷமே விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால், குமாஸ்தாகிட்ட காட்டிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் பிடிபட்டிருப்பேன். பிடிபட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. காகிதத்தில் ஏறின விஷயத்தை எதிர்த்து அவள் ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் காகிதத்தைப் படித்தவள் தன் வயிற்றில் பிறந்தவள் என்ற பிறகு கேட்கவே வேண்டாம்.

"நல்லவேளை" என்றார் அப்பா. "இவ மட்டும் படிக்கலைன்னா இந்நேரம் குடும்பத்தோட போய்ச் சேர்ந்திருப்போம்."

திங்கட்கிழமை அப்பா போய் வெள்ளைப் படகு என்று சொல்லிவிட்டார். தார் மிதவையைப் பிரித்து லாரியில் ஏற்றும்போது, ஆள் போதவில்லை என்று அப்பாவும் கை கொடுத்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கொஞ்சம் யோசனையாக உட்கார்ந்திருந்தார்.

"ஒவ்வொரு பீப்பாவா உருட்டினோம். ஒண்ணுலகூட தண்ணி சத்தமே இல்ல. எல்லாம் காஞ்சு கெடக்குது" என்றார்.

 சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மிதவை போய்விட்டதே, இனி சொல்லி என்ன என்று இன்னொரு நினைப்பு வந்தது. அதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "உள்பக்கமா துரு அரிச்சிருக்கும். ஒழுகற நெலமைக்கு இன்னும் வரலை போல. அதைத்தான் முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கான். இல்லம்மா?"

"ஆமாம்ப்பா" என்றேன்.

முதல் பொய்யையாவது அவசரத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை நிதானமாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் பஸ் ஏறிப் போனோம். நான் வெளுத்து இஸ்திரி போட்ட தாவணி கட்டிக்கொண்டு போனேன். படகுக்குப் பக்கத்தில் போனதும் அப்பா மேஸ்திரித்தனமாக எண்ண ஆரம்பித்தார். சித்தியின் கைப்பிள்ளையையும் சேர்த்துப் பதினொன்று.

"பிள்ளைங்களை எல்லாம் எதுக்கு ஆளுன்னு எண்றீங்க?" என்றாள் சித்தி.

"பத்துன்னு எழுதியிருந்தா பத்துதான். அதுல ஆளு, பிள்ளைன்னு போடலையே?" என்று என்னைப் பார்த்தார் அப்பா.

போடவில்லை. அந்த ஒன்றை மட்டும் உள்ளபடி படித்திருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்த்திருந்தாலும் வேறு மாதிரி படித்திருப்பேனா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"நான் இங்க இருக்கேன். சாமானை யாரு பாத்துக்கறது? கொரங்கு ஜாஸ்தி" என்றாள் அம்மா. யாரும் வற்புறுத்தவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தூக்குவாளிகளுக்கும் செருப்புகளுக்கும் நடுவில் அவள் கரையில் உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் சித்தப்பாவும் துடுப்புப் போட்டார்கள். நான் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கரையில் இருப்பவர்களில் ஓவர்சியர் மகள் இருக்கிறாளா என்று தேடினேன். அன்றைக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் வந்தாள். எங்கள் படகைப் பார்த்து, "வாடகை படகாடி?" என்று கேட்டாள். எங்களுடையது என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கப் போய்விட்டாள். நான் விலை கொடுத்து வாங்கியது அந்த ஒரு "ஓ"தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. கரையில் இருப்பது அம்மா என்பது சொல்லாமலே ஏற்பாடாகிவிட்டது. அவளும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் சோற்று மூட்டையோடு வந்து உட்காருகிற பெண்களிடம், கீழ்பென்னாத்தூரோ செங்கமோ எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், எங்கள் படகைக் காட்டிக் கதை சொல்வாள். "ரெண்டு படகு கொடுத்தாங்க. நான் இன்னொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். எம் பொண்ணு இங்கிலீஷ் காயிதத்தைப் படிச்சுப் பாத்துட்டு, வேணாம்மா, அது ஓட்டைன்னுட்டா. இல்லாட்டி நாங்க யாரும் இன்னிக்கு இல்ல." நான் படகிலிருந்து இறங்கி வரும்போது அந்தப் பெண்கள் என்னைத் தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். ஒருத்தி என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள். இன்னொருத்தி தன் பெண்ணை முன்னால் தள்ளி, "பாத்துக்க, நீயும் படிக்கணும்" என்றாள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அணைக்குப் போனபோது, "இன்னிக்கு நீ போம்மா. நான் சாமானைப் பாத்துக்கறேன்" என்றேன்.

"எனக்கு எதுக்குடி? நீ எப்பவோ ஒரு நாளு வர்ற."

"போம்மா."

"வாயேன், அதான் சொல்றா இல்ல" என்றார் அப்பா.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நாற்காலிகளில் ஒன்று காலியாக இருந்தது, நான் எப்போதும் உட்காருவது. அவள் அதன் பக்கத்தில் போனாள். அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது உட்காருவாள், இப்போது உட்காருவாள் என்று நான் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். படகு மதகுப் பக்கம் போய், திரும்பி, தீவு மாதிரி இருக்கும் மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் போன மாதிரியே நின்றுகொண்டு வந்தாள்.

வந்ததும் வராததுமாக, வாங்கி வைத்திருந்த மீனை எடுத்து ஆய உட்கார்ந்தாள். மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள்.

"ஏம்மா உக்காரல?" என்று கேட்டேன்.

"பழக்கமில்ல." செதிள் சீவிக்கொண்டே, "அதுல யார் யாரு உக்காந்துகினு வருவாங்கன்னு பாத்தவ நான். அவங்க வந்தா எங்களை ஓரமா நிக்கச் சொல்லுவாங்க. அந்த நாற்காலியைப் பாத்தா காலு தானா நின்னுக்குது" என்றாள்.

அப்போது சொன்னேன். "அம்மா, தார் மிதவை ஓட்டை இல்ல."

"இன்னாது?"

"காயிதத்துல நல்லா இருக்குதுன்னுதான் எழுதியிருந்துது. நாற்பது பேரு போலாம்னு இருந்துது. இந்தப் படகுலதான் ஒட்டுப் போட்டிருக்குதுன்னு எழுதியிருந்துது. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "எதுக்கு?" என்றாள்.

நான் பதிலை எத்தனையோ விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "அது கூலியாளுங்க மிதவைம்மா" என்றேன்.

"ஆமா. கூலியாளுங்கதான்" என்றாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் சீவினாள். அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. இன்னிக்குச் சொல்லிடறேன்."

"சொல்லாத." குரல் அப்போதுதான் மாறியது. "வாயைத் தொறக்காத. அந்த மனுசன் இத்தினி வருஷமா ஒரு காயிதத்தையும் வெளியாளுகிட்ட கொடுத்துப் படிச்சதில்ல. இதைச் சொன்னா இனிமே ஒவ்வொண்ணையும் எடுத்துகினு கடைக்காரன், குமாஸ்தான்னு தெருத்தெருவாப் போவாரு. போயி, எம் பொண்ணு சரியா படிச்சாளா, கொஞ்சம் பாருங்கன்னு கேப்பாரு. பொட்டப் பிள்ளைய எதுக்குப் படிக்க வெக்கறேன்னு கேட்டவன் எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கான். அவனுங்ககிட்ட போயி நிக்கணுமா அவரு?"

"தப்பு பண்ணிட்டேம்மா."

"பண்ணிட்ட. பண்ணினது பண்ணினதாவே இருக்கட்டும்."

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. இதற்குள் பக்கத்து மரத்தடியில் வந்து இறங்கிய குடும்பத்திலிருந்து ஒரு பெண் கரைக்கு வந்தாள். அடி அண்ணாமலைப் பக்கம் போல. கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு மோர் விற்பதாகச் சொன்னாள். எங்கள் படகைப் பார்த்துவிட்டு, "இதுல பிள்ளைங்களோட போறீங்களே, பயமா இல்லியா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

இந்த ஒரு தடவையாவது பேசாமல் இருப்பாள் என்று நினைத்தேன்.

"பயம் இன்னா?" என்றாள் அம்மா. "ரெண்டு படகு கொடுத்தாங்கம்மா. நான் இன்னொண்ணுதான் வேணும்னேன். எம் பொண்ணு காயிதத்தைப் படிச்சுப் பாத்துட்டு வேணாம்னுட்டா. தோ, உக்காந்துகினு கீறாளே, இவதான். டீச்சருக்குப் படிக்கறா." ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எப்போதும் சொல்கிற மாதிரியே சொல்லி முடித்துவிட்டு, மீன் கழுவின தண்ணீரைத் தூர ஊற்றிவிட்டு வந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நான் பயிற்சியில் இரண்டாவது வருஷம் இருந்தபோது அந்தப் படகின் இடதுபக்கப் பெட்டியில் ஒட்டு விட்டுப்போய்க் கரையிலேயே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. யாரும் அதில் இல்லை. "இரும்புன்னா துருப்பிடிக்கும்தானே" என்று சொல்லிவிட்டு அப்பா அதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் அதோடு நின்றது. காகிதத்தில் அது முன்னமே எழுதியிருந்தது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். படகு சாய்ந்ததைக் கேட்ட அன்றைக்கு அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

இப்போது நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கொண்டுவருகிற காகிதங்களையும் படித்துச் சொல்கிறேன். வீட்டில் அப்பா இன்னமும் எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். போன வாரம் பெரிய தம்பிக்கு வேலைக்கான நேர்முகக் கடிதம் ஒன்று வந்தது. நான் பிரித்துப் படிக்க ஆரம்பித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலைப்படியில் நின்றாள். படகு விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். நான் காகிதம் எடுத்தால் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து நிற்பாள். அப்பா, மகள் படிப்பதைக் கேட்க அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தை வரிவரியாக, ஒன்றும் விடாமல் படித்துச் சொன்னேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது; அதனால் கடிதத்தை அவள் பார்க்கவில்லை. படித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் உள்ளே போனாள்.